ஊறாத கடலையை எடைபோடுங்கள்: வீட்டில் எடைப்பயிற்சி செய்பவருக்கான புரதக் கணக்கும் டம்பெல் கணக்கும்

மாடி அறையில் இரண்டு டம்பெல்களை வைத்துக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் பயிற்சி செய்பவன் நான். முட்டை உண்டு, இறைச்சி இல்லை. தொடங்கிய முதல் நான்கு மாதங்களில் ஒரு நாளைக்கு 100 கிராமுக்குக் குறையாமல் புரதம் சாப்பிடுகிறேன் என்று உறுதியாக நம்பியிருந்தேன். ஆனால் தூக்கும் எடை ஓரிடத்தில் நின்றுபோனது. உணவுக் கணக்கில் ஒரு பிழையும், டம்பெல் தட்டுகளில் ஒரு பிழையும் இருந்ததை வெகு தாமதமாகத்தான் கண்டுபிடித்தேன். அந்த இரண்டையும் நீங்கள் தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

படி 1: இலக்கைக் குறித்தல்

உடற்பயிற்சி செய்யாத ஒருவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்று இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. தசையை வளர்க்க எடை தூக்குபவருக்கு ஏறத்தாழ 1.6 கிராம் போதுமானது. அதாவது, 60 கிலோ எடையுள்ளவருக்கு 96 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவுக்கு ஏற வேண்டாம். இட்லி, சாம்பார், சோறு, தயிர் என்று நாம் வழக்கமாகச் சாப்பிடுவதிலேயே பாதி அளவு வந்துவிடும். மீதிப் பாதியைத்தான் சிற்றுண்டிகள் ஈடுகட்ட வேண்டும்.

படி 2: தராசு

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். 100 கிராம் கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் இருக்கிறது என்று படித்துவிட்டு, வேகவைத்த சுண்டலில் 200 கிராம் எடுத்துத் தட்டில் போட்டு, 38 கிராம் புரதம் சாப்பிட்டதாக நோட்டில் எழுதி வந்தேன். அந்த 19 கிராம் என்பது கடையிலிருந்து வாங்கிவந்த காய்ந்த கடலைக்கு உரிய அளவு. ஊறி வெந்தபின் கடலை நீரைக் குடித்து இரண்டு மடங்குக்கும் மேல் எடை கூடிவிடுவதால், வெந்த கடலையில் 100 கிராமுக்கு 9 கிராம் அளவே புரதம் இருக்கும். ஆகவே, நான் 38 என்று எழுதிய ஒவ்வொரு நாளும் உண்மையில் கிடைத்தது 18தான். சோயா உருண்டையில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது; காய்ந்த நிலையில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம் உள்ள அது, வெந்நீரில் ஊறியதும் பல மடங்கு பருத்துவிடுகிறது.

எனவே, இரவில் ஊறப்போடும் முன்பே எடைபோட்டு, அந்த எண்ணை எழுதிவையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து வேகவைத்தால், மொத்தக் காய்ந்த எடையைக் குறித்துக்கொண்டு, வெந்தபின் உங்கள் பங்கு மூன்றில் ஒன்றா நான்கில் ஒன்றா என்று பார்த்து வகுத்தால் போதும். இதற்கு ஒரு கிராம் வரை காட்டும் சாதாரண டிஜிட்டல் சமையல் தராசு வேண்டும். கிண்ணத்தை வைத்தபின் எண்ணைச் சுழியமாக்கும் பொத்தான் அதில் இருக்கட்டும். புரதப் பொடி டப்பா வாங்குவதற்கு முன் இந்தத் தராசை வாங்குங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

படி 3: மாலைச் சிற்றுண்டி

நான் வாரம் முழுவதும் மாற்றி மாற்றிச் செய்பவை மூன்று. முதலாவது, காய்ந்த கணக்கில் 50 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டலுடன் இரண்டு அவித்த முட்டை. முட்டை ஒன்றுக்கு 6 கிராம் வீதம், மொத்தம் ஏறத்தாழ 21 கிராம் புரதம். இரண்டாவது, 40 கிராம் சோயா உருண்டை மிளகு வறுவல். இதில் 20 கிராம் கிடைக்கும். உப்புப் போட்ட கொதிநீரில் ஐந்து நிமிடம் விட்டு, குளிர்ந்த நீரில் அலசி, கையால் இறுகப் பிழிவதை இரண்டு முறை செய்தால் அந்தப் பச்சை வாடை போய்விடும். பிழியாமல் வாணலியில் போட்டால் மசாலா உள்ளே இறங்காது. மூன்றாவது, தோசைக்கல்லில் லேசாகப் புரட்டிய 100 கிராம் பனீர். 18 கிராம் புரதம் கொண்டது.

வேர்க்கடலையைப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. அதில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம் இருந்தாலும், கொழுப்பு அதைப்போல் இரு மடங்கு இருப்பதால், புரதத்துக்காக அதையே நம்பினால் கலோரி கட்டுமீறிப் போய்விடும். ஒரு கைப்பிடி போதும். பச்சை முட்டையைக் குடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வெந்த முட்டையின் புரதம்தான் நன்றாகச் செரிக்கும்.

படி 4: டம்பெல்

தட்டுகளைக் கழற்றி மாட்டக்கூடிய இரும்புத் தண்டு இரண்டு, இரும்புத் தட்டுகள், கீழே ஒரு தடித்த ரப்பர் விரிப்பு ஆகியவை போதும். பிளாஸ்டிக் உறைக்குள் சிமெண்ட் அடைத்த தட்டுகள் விலை குறைவாக இருந்தாலும் பருமனாக இருப்பதால், தண்டில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். தட்டுகளைப் பிடித்து நிறுத்தும் திருகு மரை தளர்ந்துவிட்டதா என்று ஒவ்வொரு செட்டுக்கும் (இடையில் ஓய்வெடுக்காமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று) முன் கையால் இறுக்கிப் பாருங்கள்.

என் இரண்டாவது பிழை இங்கேதான் இருந்தது. என்னிடமிருந்த மிகச் சிறிய தட்டு 1.25 கிலோ. தண்டின் இருபுறமும் ஒவ்வொன்று மாட்ட வேண்டியிருப்பதால், குறைந்தபட்ச ஏற்றம் 2.5 கிலோவாகிவிடுகிறது. கையொன்றுக்கு 5 கிலோ தூக்கிய நான் 7.5க்குப் போனபோது, ஒரே தாவலில் சுமையைப் பாதி மடங்கு கூட்டியிருந்தேன். தோள் வலித்தது, மறுபடியும் 5க்கே திரும்பினேன். இதற்குத் தீர்வு, அதே எடையில் 8 தடவையில் தொடங்கி, மூன்று செட்டிலும் 12 தடவை சீராக வரும்வரை வாரந்தோறும் எண்ணிக்கையை ஏற்றுவது. 12 வந்தபின் எடையைக் கூட்டி மீண்டும் 8க்கு இறங்குவது. அரைக் கிலோ தட்டுகள் நான்கு கிடைத்தால், தோள் பயிற்சிக்கு அவற்றை அவசியம் வாங்கிவையுங்கள்.

பெஞ்சு இல்லையென்றால் தரையில் படுத்து டம்பெல்லை மேலே தள்ளலாம். முழங்கை தரையில் தட்டி நின்றுவிடுவதால், தனியாகப் பயிற்சி செய்பவருக்கு இது பாதுகாப்பானதும்கூட. இதனுடன், டம்பெல்லை மார்போடு அணைத்தபடி குந்தி எழும் ஸ்குவாட், ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி மறுகையால் டம்பெல்லை இடுப்புவரை இழுத்தல், நின்றபடி தலைக்கு மேல் தூக்குதல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் முழு உடலுக்கும் வேலை வந்துவிடும்.

பின்னர் சேர்த்தது

சுண்டல் தினமும் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்று இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் பலர் எழுதியிருந்தார்கள். ஊறவைத்த நீரிலேயே வேகவைக்காமல், அதைக் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்றுங்கள். வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடும். முதல் வாரத்தில் 25 கிராம் காய்ந்த கடலையோடு நிறுத்திக்கொண்டு, வயிறு பழகிய பிறகு 50க்கு ஏறுங்கள். பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டுமா என்றும் கேட்டிருந்தார்கள். நாளின் மொத்த அளவு நிறைவதே முக்கியம் என்பதால், பயிற்சியை முடித்து, குளித்துவிட்டு நிதானமாகவே சாப்பிடலாம்.