மேல்காற்றை எதிர்த்துப் போங்கள்: அரை அயர்ன்மேனுக்கு நெல்லையில் தயாராவது எப்படி

தாமிரபரணியின் குறுக்குத்துறையில் நீச்சல் கற்றவர்கள் யாரும் முகத்தைத் தண்ணீருக்குள் வைப்பதில்லை. தலையை மேலே தூக்கிக்கொண்டு, இடமும் வலமுமாக ஆட்டி, கையை வீசி அடிப்போம். ஆற்றைக் கடக்க அது போதும். பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியம் நீச்சல் குளத்தில் முதல் நாள் நானும் அப்படித்தான் அடித்தேன். நாலு தடவை போய் வருவதற்குள் கழுத்து கழன்றுவிடும் போல ஆகிவிட்டது. கரையில் நின்ற கோச் சொன்னார்: "அண்ணாச்சி, ஆத்துல வெள்ளம் வந்தா அப்படிப் பாக்கலாம். இங்க என்னத்தப் பாக்கிய? தலைய உள்ள வையும்."

எனக்கு அப்போது வயது 42. வண்ணார்பேட்டைப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பள்ளியில் கபடி ஆடியதோடு சரி, விளையாட்டு வீரன் எல்லாம் இல்லை. போன வருடம் கோவாவில் அரை அயர்ன்மேன் என்ற நீச்சல், சைக்கிள், ஓட்டப் பந்தயத்தை முடித்துவிட்டு வந்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்களில் நாலைந்து பேர் எப்படி என்று கேட்டுவிட்டார்கள். மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முழுக்கதையும் சொல்ல முடியவில்லை. அதனால் இது.

முதலில் கணக்கு. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம், மூன்றும் இடைவெளி இல்லாமல். மொத்தம் 113 கிலோமீட்டர். மைலில் 70.3 வரும், அயர்ன்மேன் 70.3 என்ற பெயரில் இருக்கும் 70.3 அதுதான். கோவாவில் 2019-ல் தொடங்கினார்கள், மிராமர் கடற்கரையில் நீச்சல். பொதுவாக நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், சைக்கிள் முடிய தொடக்கத்திலிருந்து ஐந்தரை மணி நேரம், எல்லாம் முடிய எட்டரை மணி நேரம் தருவார்கள். அதைத் தாண்டினால் ஓரமாக நிற்கச் சொல்லிவிடுவார்கள்.

என் திட்டத்தை ஒரு பில் புத்தகத்தின் பின்னால் எழுதி வைத்திருந்தேன். நீச்சல் 55 நிமிடம், உடை மாற்ற 8, சைக்கிள் 3 மணி 40 நிமிடம், மறுபடி மாற்ற 5, ஓட்டம் 2 மணி 50 நிமிடம். கூட்டினால் 7 மணி 38 நிமிடம். அதாவது மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகச் சைக்கிள், கிலோமீட்டருக்கு எட்டு நிமிடத்தில் ஓட்டம். இதில் மலைக்க ஒன்றுமில்லை. தனித்தனியாகச் செய்தால் யாரும் செய்யலாம், ஒன்றின் மேல் ஒன்றாகச் செய்வதில்தான் விஷயம் இருக்கிறது. நிதானமாக 5 கிலோமீட்டர் ஓட முடிகிறவருக்கு ஆறு மாதம் போதும். வாரத்துக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஒதுக்க வேண்டும். நான் காலை ஐந்திலிருந்து ஏழு வரை, ஞாயிறு மட்டும் மதியம் வரை என்று வைத்துக்கொண்டேன். கடையை ஒன்பதரைக்குத் திறந்துவிடுவேன்.

நீச்சலுக்கு வருகிறேன். ஆற்று நீச்சல்காரர்கள் மறக்க வேண்டியது இரண்டு. ஒன்று தலை. அதைத் தூக்கினால் இடுப்பும் காலும் தாழும், தாழ்ந்த காலை இழுத்துக்கொண்டு போவது லோடு ஏற்றிய வண்டியைத் தள்ளுவது மாதிரி. இரண்டாவது மூச்சு. வெளியே தலை வந்த பிறகு மூச்சை விட்டு, அப்புறம் இழுக்க நேரம் கிடையாது. தண்ணீருக்குள்ளேயே குமிழி குமிழியாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், வாய் வெளியே வந்ததும் இழுப்பு மட்டும்தான். எனக்கு இது பிடிபட ஐந்து வாரம் ஆனது. 25 மீட்டர் குளமானால் 76 நீளம், 50 மீட்டரானால் 38. நிற்காமல் அதைப் போட முடிகிற வரைக்கும் வேகத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆற்றில் பழகிக்கொள்ளலாமே என்று தோன்றும். மணல் அள்ளின பள்ளமும் சுழலும் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஒழுக்கோடு போகும்போது வரும் நேரமும் பொய். குளம்தான் நல்லது.

ஆனால் கடலைப் பார்க்காமல் கோவாவுக்குப் போகாதீர்கள். கடைக்கு மோட்டார் கொண்டுவரும் உவரிக்காரர் ஒருவர் தன் பைபர் படகில் கூடவே வந்தார். மேற்கேயிருந்து மேல்காற்று வீசும் ஆனி, ஆடி மாதம் கேட்டிருந்தேன், "இப்ப மேகாத்துக் கடலு, வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கடலோடு பிழைக்கிறவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பங்குனியில் ஒரு நாள் விடிந்ததும் இறங்கினோம். உடைகிற அலைக்கு எதிரே நெஞ்சைக் கொடுக்காமல் அதன் அடியில் முங்கிப் போக வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் கடல் தொட்டில்தான். ஆனால் கீழே கோடு கிடையாது. குளத்தில் நேராகப் போன நான் அங்கே பத்து நிமிடத்தில் கோணிக்கொண்டு இடிந்தகரை திசைக்குப் போயிருந்தேன். எட்டுக் கைக்கு ஒரு தடவை, முதலை மாதிரி கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே காட்டி, எதிரே ஒரு அடையாளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோவில் கோபுரமோ, மாதா கோவிலோ, பந்தயத்தில் மிதவையோ. இடுப்பில் பளிச்சென்ற மிதவை ஒன்று கட்டிக்கொள்ளாமல், படகில் ஆள் இல்லாமல், இறங்கவே கூடாது. தண்ணீர் 24.5 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் ரப்பர் நீச்சல் உடைக்கு அனுமதி இல்லை. கோவாக் கடல் அதைவிடச் சூடு, அந்தச் செலவு மிச்சம்.

இனி சைக்கிள். மொத்த நேரத்தில் பாதி இதில்தான் போகிறது. பெரும்பாலானவர்கள் பந்தயத்தைக் கெடுத்துக்கொள்வதும் இதில்தான். விலை உயர்ந்தது தேவையில்லை. நான் ஓட்டியது செகண்ட் ஹேண்ட் ரோடு பைக். உங்கள் உயரத்துக்குச் சரியான பிரேமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் நீண்ட பயணத்துக்கு ஒரு ஆடி மாதம் திருச்செந்தூர் ரோட்டில் கிளம்பினேன். செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் மேல்காற்று அடித்துக்கொண்டிருந்த நேரம். முப்பந்தலில் அத்தனை காற்றாலை எதற்கு நிற்கிறது என்று தெரிந்தவன்தான் நான். ஆனால் முதுகில் அடிக்கும் காற்று தெரியாது. மணிக்கு 34, 35 என்று மீட்டர் காட்டியது. நம்மிடம் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஸ்ரீவைகுண்டம் தாண்டித் திரும்பியதும் தெரிந்தது. பதினாலு. சில இடத்தில் பன்னிரண்டு. டிவிஎஸ் எக்ஸெல்லில் வாழைத்தார் ஏற்றிப் போன ஒருவர் என்னை முந்திப் போய், திரும்பிப் பார்த்து, பரிதாபப்பட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டார். அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டு வந்தேன், அதை ஒளிப்பதற்கில்லை.

அன்றிலிருந்து என் ரோடு மேற்கே. மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், கோபாலசமுத்திரம், பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், பாபநாசம். போய் வந்தால் ஏறக்குறைய பந்தய தூரமே வந்துவிடும். போகும்போது எதிர்க்காற்று, மெல்ல ஏற்றம். களைத்துத் திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வந்துவிடும். வழியெல்லாம் வயலும் கால்வாயும் டீக்கடையும் இருப்பதால் பஞ்சரானாலும் பயமில்லை. நான்கு வழிச்சாலையில் நாங்குநேரிப் பக்கம் சமதளமாக இருக்கிறது என்று ஆசைப்படாதீர்கள். எதிர்த்திசையில் வரும் பைக்குகளுக்கு அங்கே ஒரு கணக்கும் கிடையாது.

எதிர்க்காற்றில் ஒரு பாடம் இருக்கிறது. காற்றின் தடை வேகத்தின் இருமடி விகிதத்தில் கூடும், அதை வெல்லச் செலவாகும் சக்தி மும்மடி விகிதத்தில் கூடும். அதனால் எதிர்க்காற்றில் வேகத்தைப் பிடித்துவைக்க முயல்வது வீண். மீட்டரைப் பார்க்காமல் மூச்சைப் பாருங்கள். பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது பந்தயத்துக்கான வேகம். "சரி", "ம்" என்று மட்டும் வருகிறதென்றால் ஓட்டத்துக்கு வைத்திருந்த காலை இங்கேயே செலவழிக்கிறீர்கள். என் கடைக்கு எரிந்து வரும் மோட்டார்களில் பாதி இப்படித்தான்: கூடுதல் லோடில் ஓடி, சூடேறி, உள்ளே கம்பிச்சுருள் கருகியவை. அணைத்துவிட்டுப் பிறகு போட்டால் சரியாகிவிடும் என்று கொண்டுவருவார்கள். ஆகாது.

பந்தயத்தில் முன்னே போகிறவரின் பின்னால் ஒட்டிப் போவது குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வாழைத்தார் வண்டி ஞாபகத்தில். 12 மீட்டர் இடைவெளி வேண்டும். முந்துவதானால் 25 நொடிக்குள் முந்திவிட வேண்டும். பிடிபட்டால் 5 நிமிடம் நிறுத்தி வைப்பார்கள். சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்கும் முன்பே ஹெல்மெட் வாரைப் பூட்டியிருக்க வேண்டும், திரும்ப மாட்டிய பிறகுதான் கழற்ற வேண்டும். இதற்கும் தண்டனை உண்டு.

சாப்பாடு. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், ஓட்டத்தில் வயிறு வாங்காது என்பதால் அதில் பெரும்பங்கு சைக்கிளிலேயே. கடையில் விற்கும் ஜெல் எனக்குக் குமட்டியது. ஒரு ஞாயிறு வீட்டில் இருந்த அல்வாவை இலையில் மடித்து எடுத்துப் போனேன். கல்லிடைக்குறிச்சி வரை சந்தோஷம். அதில் பாதி நெய் என்பது அம்பாசமுத்திரத்தில் வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது. கடைசியில் கைகொடுத்தது உடன்குடி கருப்பட்டி. கால் கிலோவைத் தட்டி, கொஞ்சம் தண்ணீரில் காய்ச்சி, துணியில் வடிகட்டுங்கள், மணலும் தும்பும் இருக்கும். ஆறியதும் அரை எலுமிச்சம்பழம், நாலு சிட்டிகை உப்பு, துளி சுக்கு. இதில் 200 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது, மூன்றரை மணி நேரத்துக்குச் சரி. கடை இன்சுலேஷன் டேப்பைப் பாட்டிலைச் சுற்றி ஏழு பங்காக ஒட்டிவிட்டேன். அரை மணிக்கு ஒரு பங்கு, கூடவே வெறும் தண்ணீர். சைக்கிளில் போகும்போது மூளை கணக்குப் போடாது, டேப்தான் போடும். எதைச் சாப்பிடுவதானாலும் பாபநாசம் ரோட்டில் நாலு தடவையாவது சாப்பிட்டுப் பார்த்ததாக இருக்கட்டும்.

சைக்கிளை விட்டு இறங்கி ஓடுவதைத் தனியாகப் பழக வேண்டும். கால் மரக்கட்டையாக இருக்கும், தொடை கேட்காது. ஞாயிறு பயணம் முடிந்ததும் வீட்டுக்குள் போகாமல், சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு 20 நிமிடம் ஓடுங்கள். வீட்டுக்குள் போனால் மின்விசிறி விடாது. இரண்டு மாதத்தில் கால் பழகிவிடும்.

வெயில் வேறு. நாம் வெயில் ஊர்க்காரர்கள்தான், ஆனால் ஐந்து மணிக்கு ஓடத் தொடங்கி ஏழுக்குக் குளிக்கிறவர்கள். கோவாவில் ஓட்டம் தொடங்கும்போது உச்சி ஏறிக்கொண்டிருக்கும். உடம்பு சூட்டுக்குப் பழக பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். கடைசி மூன்று வாரத்தில் நாலைந்து தடவை காலை பத்து மணிக்கு, மெதுவாக, நாற்பது நிமிடம் ஓடினேன். ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வை. எனக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் போகிறது என்று அப்படித்தான் தெரிந்தது. அதற்காக வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளாதீர்கள், ரத்தத்தில் உப்புக் குறைந்து ஆபத்தாகிவிடும். உப்பு சேரட்டும். தலை சுற்றினாலோ வெயிலில் குளிர் எடுத்தாலோ நின்றுவிடுங்கள்.

உடை மாற்றுவதை மொட்டை மாடியில் பழகினேன். வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஓடிவந்து, கால் துடைத்து, காலுறை, ஷூ, ஹெல்மெட். ஈரக்காலில் காலுறை ஏறாது. முன்கூட்டியே உள்ளே பவுடர் தட்டிச் சுருட்டி வைத்தால் ஏறிவிடும். மனைவி போனில் நேரம் பிடித்தாள். "நம்ம கல்யாணத்துக்குக் கூட இவ்வளவு வேகமா நீங்க கிளம்பல" என்றாள். தொடை, அக்குளில் வாசலின் தடவ மறக்காதீர்கள், தேங்காய் எண்ணெய் கடல் தண்ணீரில் நிற்காது.

நெல்லையிலிருந்து கொங்கண் வழியாகக் குஜராத் போகும் ரயில் கோவாவின் மட்காவ் நிலையத்தில் நிற்கிறது. சைக்கிள் கடையில் கேட்டால் புது வண்டி வந்த அட்டைப்பெட்டி தருவார்கள். பின் கியரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு, ஹேங்கர், வழியில் வளையும். எனக்கு வளைந்தது, யார் எங்கே போட்டார்களோ. உதிரி ஒன்று வைத்திருந்ததால் பிழைத்தேன். பெட்டியில் போடும் முன் பின் கியரைக் கழற்றி உள்பக்கமாகக் கட்டிவிடுங்கள்.

பந்தயத்தில் எனக்கு 7 மணி 51 நிமிடம் ஆனது. நீச்சலில் கூட்டத்தில் உதை வாங்கினேன், ஓட்டத்தில் கடைசி ஐந்து கிலோமீட்டர் பாதி நடை. மறுநாள் படி ஏறுவது பிரச்சினை இல்லை, இறங்குவதுதான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குங்கள், தொடை வலிக்காது. நெல்லை ஜங்ஷன் மேம்பாலத்தில் நான் அப்படி இறங்கிக்கொண்டிருக்க, சைக்கிள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போன போர்ட்டர் கீழே நின்று காத்திருந்தார். "பிண்டத்தைலம் போடும் அண்ணாச்சி. இந்த வயசுல சைக்கிள் எல்லாம் எதுக்கு?"