ஸ்ஃபோல்யா: அஸ்தோராவின் கட்டையால் மாவு தேய்க்கும் முறை

இத்தாலியின் எமிலியா-ரோமாஞ்ஞா கிராமங்களில் குடும்பத்தலைவிக்கு அஸ்தோரா என்று பெயர். 'ஆள்பவள்' என்று பொருள். நிலக்காரரோடு விளைச்சலைப் பங்கிட்ட வாரச் சாகுபடிக் குடும்பங்களில் வயல் ஆணுக்கு, அடுப்பும் கோழிக்கூடும் முட்டைக் காசும் அவளுக்கு என்றிருந்தது. அந்த முட்டையிலும் நிலக்காரருக்குப் பங்கு போனது. பட்டம் ஆள்பவள்தான், ஆனால் 1975-இல் குடும்பச் சட்டம் திருத்தப்படும் வரை ஏட்டில் குடும்பத்தலைவன் கணவனே. புதிதாக வந்த மருமகளின் கைத்திறனை அளந்தது ஸ்ஃபோல்யா என்னும், பாஸ்தாவுக்கான முட்டை மாவுத் தகடு.

ஆளுக்கு ஒரு முட்டை, 100 கிராம் மாவு. அங்கே '00' என்ற மாவு; நம் மைதா போல நைசாக இருக்கும். உப்பு, தண்ணீர் வேண்டாம். 100 கிராமுக்கு ஓடில்லாத முட்டை 50 முதல் 55 கிராம் வர வேண்டும். முட்டை சிறிதென்றால் மாவைக் குறையுங்கள். வறண்ட மாவைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

மரப்பலகையில் மாவைக் குவித்து, நடுவே குழித்து, முட்டையை ஊற்றி முட்கரண்டியால் அடித்தபடி ஓரத்து மாவை உள்ளே இழுங்கள். கரை உடைந்தால் முட்டை பலகை முழுக்க ஓடிவிடும். திரண்டதும் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 10 முதல் 15 நிமிடம் பிசையுங்கள். கிண்ணம் கவிழ்த்து அரை மணி நேரம் விடுங்கள். இந்த ஓய்வைத் திருடினால், தேய்க்கத் தேய்க்க மாவு சுருங்கித் திரும்பும்.

பூரிக்கட்டை இதற்குப் போதாது. மத்தரெல்லோ என்ற கைப்பிடியில்லாத உருளை, 80 செ.மீ.க்குக் குறையாமல் வேண்டும். நடுவிலிருந்து வெளியே தேய்த்து, கால் வட்டம் திருப்பி, மறுபடி தேயுங்கள். தகடு அகன்றதும் அதைக் கட்டையில் சுற்றி, கைகளை நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் நகர்த்தியபடி உருட்டுங்கள். ஒரு விளிம்பைப் பலகைக்கு வெளியே தொங்கவிட்டு வயிற்றால் அழுத்திப் பிடிப்பது பழைய வித்தை. தகட்டைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியே குன்றின் மேலுள்ள சான் லூக்கா கோயில் தெரிய வேண்டும் என்பார்கள் அப்பகுதியின் தலைநகரான பொலோஞ்ஞாவின் மக்கள். உங்களுக்கு மறுபக்கத்து விரல் நிழலாகத் தெரிந்தால் போதும்.

துணி மேல் விரித்து, தொட்டால் ஒட்டாத வரை மட்டும் உலர்த்துங்கள். மழைநாளில் நேரம் கூடும், மின்விசிறிக் காற்றில் விளிம்பு வெடிக்கும். மடித்து வெட்டும்போது ஒட்டினால் உலர்ந்தது போதவில்லை. மடிப்பில் முறிந்தால் காய்ந்துவிட்டது. பூரணம் வைத்து மடிக்கும் தொர்தெல்லினி பாஸ்தாவுக்கு என்றால் உலர்த்தவே கூடாது. விளிம்பு ஒட்டாமல் பூரணம் வெளியே வந்துவிடும்.

தால்யதெல்லே என்ற நாடா வடிவ பாஸ்தா வெந்தபின் 8 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். 1972-இல் பொலோஞ்ஞா வணிகச் சபையில் பதிந்த அளவு அது. வேகும்போது விரியும் என்பதால் 6, 7 மி.மீ.க்கு வெட்டுங்கள். உப்பிட்ட கொதிநீரில் 2 அல்லது 3 நிமிடம் போதும். இயந்திரத்தில் அழுத்திய தகடு வழவழப்பாகி, குழம்பைப் பிடிக்காது. மரப்பலகையின் சொரசொரப்புதான் குழம்பை நிறுத்துகிறது.

இன்று பொலோஞ்ஞா கடைகளில் ஸ்ஃபோல்யீனா என்ற பெயரில் பெண்கள் இதே வேலையைக் கூலிக்குச் செய்கிறார்கள். மாமியார் கண்ணுக்குப் பதில் வாடிக்கையாளர் கண்.

கோணலான ஓரத்துண்டுகளை எறியாதீர்கள். அவற்றுக்கு மால்தால்யாத்தி, அதாவது 'மோசமாக வெட்டியவை' என்று பெயர்; பீன்ஸ் சூப்பில் போட அவைதான் சரி.