மோட்டார்ஹோம் நெடுஞ்சாலையில் அலைகிறதா? பாகம் வாங்குவதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்

மோட்டார்ஹோமில், அதாவது படுக்கை, சமையல் வசதியோடு கூடிய பெரிய வண்டியில் போகிறீர்கள். சாலை நேராகத்தான் போகிறது. ஆனாலும் இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தில் ஒரு லாரி கடந்தால் வண்டி முதலில் வெளியே தள்ளப்படுகிறது, அடுத்த நொடி லாரியை நோக்கி இழுக்கப்படுகிறது. இரண்டு மணி நேரத்தில் தோள்பட்டை இறுகிவிடுகிறது. "பெரிய வண்டி என்றால் இப்படித்தான்" என்று பலரும் சொல்வார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. என் வண்டியும் அப்படித்தான் இருந்தது, இப்போது அதே வண்டியைத் தோளைத் தளர்த்தி ஓட்டுகிறேன். அதில் பெரும்பகுதி எந்தப் புதுப் பாகமும் போடாமலே கிடைத்தது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 9 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் உள்ள வண்டியின் பக்கவாட்டுப் பரப்பு 27 சதுர மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று நேர்ப்பக்கமாக அடித்தால் அந்தப் பரப்பின் மேல் ஏறக்குறைய 450 கிலோ அளவுக்குத் தள்ளுவிசை விழும். காற்றின் வேகம் பாதியானால் விசை கால்வாசியாகிவிடும். இந்தத் தள்ளலை எந்தக் கருவியாலும் இல்லாமல் ஆக்க முடியாது. தள்ளிய பிறகு வண்டி தானாக நேருக்கு வருகிறதா, இல்லை நீங்கள் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறதா என்பதை மட்டுமே நாம் மாற்ற முடியும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். காற்றில்லாத ஒரு நாள் ஒரே சாலையில் ஓட்டிப் பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்றைச் சேர்த்துச் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாது.

படி 1: எடை போடுங்கள்

பயணத்துக்குக் கிளம்புவது போலவே தண்ணீர், எரிபொருள், சமையல் கேஸ், சாமான், ஆட்கள் எல்லாம் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போங்கள். முன் அச்சு தனி, பின் அச்சு தனி. முடிந்தால் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக. மொத்த எடை மட்டும் தெரிந்து பயனில்லை.

ஏன் என்றால், பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன்பக்கத்தைத் தூக்கும். இரண்டு அச்சுக்கும் நடுவே 5 மீட்டர் இருக்கிறது, பின் அச்சிலிருந்து 2.5 மீட்டர் பின்னால் 200 கிலோ வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன் அச்சு 100 கிலோவை இழக்கும், பின் அச்சு 300 கிலோ கூடும். திசை திருப்புவது முன்சக்கரம்தான். அதன் மேல் எடை குறைந்தால் சாலையைப் பிடிக்கும் வலுவும் குறையும்.

டூல் பெட்டி, டின் உணவு, கூடுதல் பேட்டரி போன்ற கனமான சாமான்களை இரண்டு அச்சுக்கும் நடுவே கொண்டு வாருங்கள். தண்ணீர்த் தொட்டி பின்னால் இருந்தால் தேவைக்கு மட்டும் நிரப்புங்கள். 300 லிட்டர் என்பது 300 கிலோ. பின்னால் மாட்டும் சைக்கிள் ஸ்டாண்டையும் கணக்கில் சேருங்கள். வண்டியின் தகட்டில் ஒவ்வொரு அச்சுக்கும் எழுதியிருக்கும் உச்ச எடையை எந்த அச்சும் தாண்டக் கூடாது.

படி 2: காற்றழுத்தம்

டயர் நிறுவனம் வெளியிடும் எடை–அழுத்த அட்டவணையை எடுத்து, நீங்கள் அளந்த எடைக்கு என்ன அழுத்தம் என்று பாருங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் கனம் என்றால், கனமான பக்கத்துக்கான அழுத்தத்தையே இரண்டு பக்கமும் வையுங்கள். டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் சுமக்கும் அதிகபட்ச எடைக்கான அழுத்தம். முன்பக்கம் லேசாக இருக்கும் வண்டியில் அதை அப்படியே வைத்தால் டயர் சாலையில் பதியும் பரப்பு சுருங்கி வண்டி அலையும். குறைத்து வைத்தாலும் ஆபத்து. பக்கச்சுவர் நெளியும், சூடாகும்.

அளப்பது ஓட்டுவதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது. ஓடிய பிறகு அழுத்தம் ஏறியிருப்பதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். பின்பக்க இரட்டை டயரில் உள் டயருக்கு எட்டக்கூடிய நல்ல கேஜ் ஒன்று வாங்குங்கள். இந்த வேலையில் நான் முதலில் பணம் போடச் சொல்வது அதில்தான்.

படி 3: ஆட்டம் இருக்கிறதா?

சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிடுங்கள். ஜாக்கி வேண்டாம், சக்கரம் தரையிலேயே இருக்கட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க, நீங்கள் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு மூட்டில் இந்தப் பக்கம் நகர்ந்து அந்தப் பக்கம் நகரவில்லை என்றால், ஆட்டம் அங்கேதான். டை ராட் (முன்சக்கரங்களைத் திருப்பும் கம்பி) முனைகள், ஸ்டீயரிங் கியர் பாக்ஸிலிருந்து வரும் கம்பி, அதன் மூட்டுகள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஸ்டீயரிங் கியர் பாக்ஸ் மேலே இருக்கும் சரிசெய்யும் திருகை மட்டும் நீங்களாக இறுக்காதீர்கள். அதிகமாக இறுகினால் திருப்பிய ஸ்டீயரிங் நேருக்குத் திரும்பாது.

தேய்ந்ததை மாற்றிய பிறகுதான் அடுத்த படி. ஆடும் மூட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது) செய்வது வீண்.

படி 4: அலைன்மென்ட் (என்னை நெடுநாள் இழுத்தடித்த படி)

அலைன்மென்ட் செய்த இடத்தில் எல்லாக் கட்டமும் பச்சையாக ஒரு தாளைக் கொடுத்து, "எல்லாம் அளவுக்குள்தான் இருக்கிறது" என்று அனுப்பினார்கள். வண்டி முன்பு போலவே அலைந்தது. அந்தத் தாளை உட்கார்ந்து படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. "அளவுக்குள்" என்பது ஒரு அகலமான எல்லை. என் வண்டியின் காஸ்டர் அந்த எல்லையின் அடிமட்டத்தில் நின்றது. அவர்கள் தொட்டது டோவை மட்டும்.

டோ என்பது மேலிருந்து பார்த்தால் இரண்டு முன்சக்கரமும் உள்நோக்கியா வெளிநோக்கியா நிற்கின்றன என்பது. மிகச் சிறிதளவு உள்நோக்கி இருந்தால் வண்டி அமைதியாக ஓடும், வெளிநோக்கினால் துள்ளும். காஸ்டர் வேறு. சைக்கிளின் முன் ஃபோர்க் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கிறதே, அதே சாய்வுதான். சாய்வு கூடினால் சக்கரம் தானாக நேருக்கு வரும் விருப்பமும் கூடும், ஸ்டீயரிங் சற்றுக் கனமாகும்.

ஆகவே "அலைன்மென்ட் செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். இப்படிக் கேளுங்கள்: காஸ்டரை நிறுவனம் அனுமதிக்கும் எல்லையின் மேல்பாதிக்குக் கொண்டு வர முடியுமா? இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்குமா? வண்டி முழு லோடுடன் நிற்கும்போது அளப்பீர்களா? மூன்றுக்கும் "ஆமாம்" என்று சொல்லும், கனரக வாகனம் பார்க்கும் இடத்துக்கே போங்கள். ஃபோர்டு ஈ-350, ஈ-450 அடித்தளமாக இருந்தால் மேல் பால் ஜாயின்ட்டில் (உருண்டை மூட்டு) சரிசெய்யக்கூடிய புஷ் (கோணத்தை மாற்றும் வளையம்) போட்டால்தான் காஸ்டர் நகரும். அந்த வண்டிக்காரர்கள் பலர் ஏறக்குறைய 5 டிகிரியை விரும்புகிறார்கள்.

எனக்குக் கிடைத்த பெரிய மாற்றம் இந்தப் படியில்தான்.

படி 5: இப்போதுதான் பாகங்கள்

லாரி கடக்கும்போது பின்பக்கம் முதலில் நகர்ந்து அப்புறம் முன்பக்கம் திரும்புவது போலிருந்தால், பட்டை ஸ்பிரிங்கின் மேல் பின் அச்சு பக்கவாட்டில் நழுவுகிறது என்று அர்த்தம். அதற்கு டிராக் பார். ஒரு முனை அச்சில், மறுமுனை சேசிஸில்.

வளைவிலும் காற்றிலும் வண்டியின் உடல் சாய்ந்தால் ஸ்வே பார், அதாவது இரண்டு பக்கத்தையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி. ஃபோர்டு எஃப்-53 அடித்தளத்தில் ஸ்வே பாரின் நுனியில் இரண்டு துளை இருந்தால், இணைப்புக் கம்பியை உள்துளைக்கு மாற்றிப் பாருங்கள். பார் இன்னும் விறைப்பாக வேலை செய்யும், செலவே இல்லை. ஒரு பள்ளத்துக்குப் பிறகும் வண்டி ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பர் தீர்ந்துவிட்டது.

ஸ்டீயரிங் டேம்பரைக் கடைசியில் வைத்திருக்கிறேன். சாதாரண டேம்பர் அதிர்ச்சியை மட்டும் தணிக்கும், சக்கரத்தை நேருக்குக் கொண்டு வராது. ஸ்பிரிங் உள்ள வகைதான் நேருக்கு இழுக்கும். டயர் வெடித்தால் பிடிமானம் தரும் என்பதற்காக ஸ்பிரிங் வகை எனக்குப் பிடிக்கும். ஆனால் தேய்ந்த மூட்டையோ குறைந்த காஸ்டரையோ மறைப்பதற்காக அதை மாட்டாதீர்கள்.

படி 6: கை

கண்ணாடியில் லாரி நெருங்குவது தெரிந்ததும், அது பக்கத்தில் வருவதற்கு முன்பே உங்கள் பாதைக்குள்ளேயே சற்றுத் தள்ளிக்கொள்ளுங்கள். தள்ளல் வந்ததும் வெடுக்கென்று திருப்ப வேண்டாம். அடுத்து இழுப்பு வரும், இரண்டும் சேர்ந்துகொள்ளும். பார்வை தூரத்தில் இருக்கட்டும். பாலம், சுரங்கப்பாதையின் முடிவு, மரவரிசையின் இடைவெளி ஆகியவற்றுக்கு முன் வேகத்தைக் குறையுங்கள். பலத்த காற்று என்றால் நிறுத்திக் காத்திருங்கள்.

பிற்சேர்க்கை

பின்பக்கம் தொங்குகிறது என்று ஏர் பேக் (பின் அச்சின் மேல் வண்டியைத் தூக்கிப் பிடிக்கும் காற்றுப் பை) போட்டார் ஒரு வாசகர். போட்ட பிறகு முன்பைவிட அதிகமாக அலைகிறது என்று எழுதினார். காரணம் இருக்கிறது. 5 மீட்டர் அச்சு இடைவெளியில் பின்பக்கத்தை 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் வண்டி முன்னோக்கிச் சாய்ந்து, காஸ்டர் அரை டிகிரிக்கு மேல் குறைந்துவிடும். உயரத்தை மாற்றினால் அலைன்மென்டை மறுபடி அளக்க வேண்டும்.

இன்னொருவர் ஃபியட் டுகாட்டோ வைத்திருக்கிறார், காஸ்டரை நகர்த்த வழியில்லை என்று சொல்கிறார்கள் என்றார். முன்சக்கர இயக்க வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான். அவர்கள் டோவை மட்டும் துல்லியமாக வைத்துவிட்டு, படி 1-க்கே திரும்ப வேண்டும். அந்த வண்டிகளில் இழுப்பதும் திருப்புவதும் முன்சக்கரம்தான் என்பதால், பின்னால் இருக்கும் பெட்டியைக் காலி செய்வதில் கிடைக்கும் பலன் இன்னும் அதிகம்.