நாளைக்கு மட்டுமா, இனிமேல் தினமுமா?

இரவு ஏழு மணியானால் எங்கள் பால் டெப்போவில் ஃபோன் ஓயாது. "தங்கச்சி, ரெண்டு லிட்டர் கொறச்சுக்கம்மா" என்று மகாமகக் குளத்துப் பக்கம் காபிக்கடை வைத்திருக்கும் அண்ணன் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். கம்ப்யூட்டரைத் தொடும் முன் நான் அவரைத் திரும்பக் கூப்பிட்டு ஒன்று கேட்பேன்: "நாளைக்கு மட்டுமாண்ணே, இனிமே தெனமுமா?" தொடர் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதில் பாதி இந்தக் கேள்விதான்.

கும்பகோணத்திலும் சுற்றுவட்டாரத்திலுமாக 64 இடங்களுக்குப் பாலும் தயிரும் நெய்யும் போடுகிறோம். அப்பா இருந்தவரை நோட்டுதான். ஒருநாள் மாற்றத்தைப் பென்சிலில் குறிப்பார், நிரந்தர மாற்றத்தைப் பேனாவில் எழுதுவார். மென்பொருளிலும் இந்த இரண்டும் உண்டு, இருக்கும் இடம்தான் வேறு. ரெக்கரிங் ஆர்டர், ஸ்டாண்டிங் ஆர்டர், சப்ஸ்கிரிப்ஷன் என்று எந்தப் பெயரில் இருந்தாலும், ஒரு மூல ஆர்டர் இருக்கும். அதிலிருந்து தேதிவாரியாக ஆர்டர்கள் உருவாகிக்கொண்டே வரும். நாளைக்கு மட்டும் என்றால் நாளைய தேதியிட்ட ஆர்டரைத் திறந்து திருத்துங்கள். இனிமேல் தினமும் என்றால்தான் மூலத்தில் கை வைக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். ஒரு பொங்கலுக்கு, தினம் 40 லிட்டர் வாங்கும் ஒரு கல்லூரி விடுதி நான்கு நாள் விடுமுறை சொன்னது. நான் மூல ஆர்டரில் அளவை பூஜ்யம் ஆக்கினேன். பொங்கல் வேலையில் திரும்ப மாற்ற மறந்துபோனேன். விடுதி திறந்த அன்று தம்பியின் வண்டி அந்த வாசலைத் தாண்டிப் போய்விட்டது, பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை. காலை ஐந்தரைக்கு விடுதியிலிருந்து ஃபோன். வேறு இடத்தில் பால் வாங்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மணி எட்டு. பிள்ளைகள் காபி குடிக்காமல் வகுப்புக்குக் கிளம்பிவிட்டார்கள். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அதன்பிறகு மூல ஆர்டரில் நான் பூஜ்யம் போட்டதே இல்லை. எத்தனையோ மென்பொருள்களில் ஹோல்டு அல்லது பாஸ் (pause) என்று ஆர்டரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் ஒரு வசதி இருக்கிறது. அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று இரண்டையும் போட்டால், விடுமுறை முடிந்ததும் தானே ஓடத் தொடங்கும். திரும்பும் தேதியைக் கேட்காத மென்பொருள் என்றால், பழைய மூலத்துக்கு முடிவுத் தேதி கொடுத்துவிட்டு, விடுதி திறக்கும் நாளைத் தொடக்கமாக வைத்து இன்னொரு மூலத்தை அதே உட்காரலில் போட்டுவிடுங்கள். 'அப்புறம் போடலாம்' என்று எழுந்துவிடாதீர்கள்.

அடுத்தது பலரும் தடுக்கி விழும் இடம். சில மென்பொருள்கள் ஆர்டர்களை முன்கூட்டியே உருவாக்கி வைத்துவிடும். எங்களுடையது ஏழு நாளுக்கு உருவாக்கும். புதன்கிழமை மூலத்தில் 20 லிட்டரை 15 ஆக்கினால், ஏற்கெனவே உருவான ஆர்டர்கள் 20 ஆகவே நிற்கும். பிழிந்து எண்ணெயில் விழுந்த முறுக்கு, அச்சை மாற்றினால் மாறுமா? அந்த ஏழையும் தனித்தனியே திறந்து திருத்த வேண்டும். 'இதற்கு மட்டுமா, இதற்குப் பின்வரும் எல்லாவற்றுக்குமா' என்று கேட்கும் மென்பொருளாக இருந்தால் வேலை மிச்சம். ஆனால் அந்தக் கேள்வியை நிதானமாகப் படித்த பிறகு பட்டனை அழுத்துங்கள்.

வாராவாரம் வரும் மாற்றம் வேறு வகை. திருநாகேஸ்வரத்தில் ராகு பகவானுக்கு ராகுகாலத்தில் பாலாபிஷேகம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரையிலிருந்து ஆறுவரை ராகுகாலம் என்பதால், கோயிலருகே இருக்கும் கடைக்கு அன்று மதியமே கூடுதல் பால் போய்ச் சேர வேண்டும். முன்பெல்லாம் சனிக்கிழமை தோறும் உட்கார்ந்து மறுநாள் ஆர்டரைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாராவாரம் திருத்துகிறோம் என்றால் அது பென்சில் வேலை இல்லை. இப்போது அந்தக் கடைக்கு இரண்டு மூலம்: தினமும் காலைக்கு ஒன்று, ஞாயிறு மதியத்துக்கு ஒன்று. ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வரும் ராகு பெயர்ச்சிக்கும், 2028இல் வரப்போகும் மகாமகத்துக்கும் மூல ஆர்டரை நம்பக் கூடாது. அவற்றுக்குத் தனி ஆர்டர்தான்.

விலையும் வரியும் மாறும்போது இன்னும் கவனம் வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நெய்க்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. பொருள் பட்டியலில் வரியை மாற்றினேன். மூல ஆர்டர்களோ, உருவாக்கிய நாளின் வரியையே பிடித்துக்கொண்டிருந்தன. நெய் வாங்கும் 11 பேரின் மூலத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினேன். உங்கள் மென்பொருள் எப்படி என்பதை ஒரே ஒரு வாடிக்கையாளரை வைத்துச் சோதித்துவிடுங்கள்.

நெய் பில் போன பிறகு 'ரெண்டு கிலோ கொறச்சலா வந்துச்சு' என்று சொன்னால், பழைய பில்லைத் திறந்து திருத்த வேண்டாம். கிரெடிட் நோட், அதாவது பில் தொகையில் இவ்வளவு குறைக்கிறோம் என்று காட்டும் தனிச் சீட்டு, போடுங்கள். பில் போட்ட நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30க்குள் அது கணக்கில் காட்டப்பட வேண்டும். நான் அந்த மாதத்திலேயே போட்டுவிடுவேன், ஜிஎஸ்டிஆர்-1 என்ற மாத விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யும் அடுத்த மாதம் 11ஆம் தேதிக்கு முன் கணக்கு நேராகிவிடும்.

மாற்றம் எதுவானாலும் குறிப்புக் கட்டத்தில் யார் சொன்னார், எத்தனை மணிக்கு, எதுவரை என்று மூன்றையும் எழுதுகிறேன். கடை முதலாளி ஒன்று சொல்வார், மாஸ்டர் இன்னொன்று சொல்வார். காலையில் வாசலில் நின்று வாதாடுவது தம்பிதானே? சொன்னவருக்கே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுவேன்: 'நாளை முதல் 18 லிட்டர், சரியாண்ணே?'

எட்டரைக்கு மேல் மாற்றம் எடுப்பதில்லை. நேற்றைய பட்டியலையும் நாளைய பட்டியலையும் பக்கத்தில் வைத்து, எண் மாறிய பெயர்களை மட்டும் தம்பிக்குச் சத்தமாகப் படிப்பேன். பெரும்பாலும் ஐந்தாறு பெயர்தான் இருக்கும். அவன் தலையாட்டிய பிறகுதான் பிரிண்ட் எடுப்பேன்.