ஜெர்பில் வளர்க்கப் போகிறீர்களா? முதலில் வளைக்கு இடம் கொடுங்கள்

ஜெர்பில் மங்கோலியப் புல்வெளியில் வளை தோண்டிக் குடும்பமாக வாழும், எலி இனத்தைச் சேர்ந்த சிறு பிராணி. 1935-இல் அமூர் ஆற்றுப் படுகையில் பிடித்து ஜப்பானுக்குக் கொண்டுபோன 20 ஜோடிகளின் வழிவந்தவைதான் இன்று வீடுகளில் வளர்பவற்றில் பெரும்பாலானவை. எத்தனையோ தலைமுறைகளாகக் கூண்டிலேயே பிறந்தும் அந்த வளை ஆசை மட்டும் விடவில்லை. அதனால் ஹாம்ஸ்டர் என்ற வளர்ப்பு எலிக்கு விற்கும் கம்பிக் கூண்டு இதற்கு ஆகாது.

1. தொட்டி

கண்ணாடி மீன் தொட்டிதான் நல்லது. இரண்டு ஜெர்பிலுக்கு 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. உயரம் இருந்தால் தாராளம். நன்றாகத் தாவும் என்பதால் மேலே இரும்பு வலை மூடி கட்டாயம். பிளாஸ்டிக்கைக் கடித்தே ஓட்டை போட்டுவிடும்.

2. நிரப்புவது

இதில் அவசரப்படாதீர்கள். மணலைக் கொட்டிவிட்டால் போதும், தோண்டிக்கொள்ளும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 1997-இல் வெளியான, விலங்கு நடத்தை ஆய்வாளர் கிறிஸ்டோஃப் வீடன்மாயரின் ஆய்வு வேறு கதை சொல்கிறது. உலர்ந்த மணல் மட்டும் கிடைத்த குட்டிகள் மூலையில் ஓயாமல் பிறாண்டும் பழக்கத்துக்கு ஆளாயின; புகுந்துகொள்ளத் தயாராக ஒரு வளை கிடைத்தவற்றுக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. ஜெர்பிலுக்கு வேண்டியது இருட்டான, இடிந்து விழாத ஒரு பொந்து.

ஆகவே சுரங்கம் நிற்கும்படி நிரப்ப வேண்டும். சாயம், வாசனை சேர்க்காத காகிதத் துகளை நான்கு விரல் உயரம் பரப்பிக் கையால் அழுத்துங்கள். அதன்மேல் காய்ந்த புல்லைக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு அடுக்கு, நடுவில் ஒன்றிரண்டு அட்டைக் குழல்கள், மறுபடி துகள். இப்படியே 30 செ.மீ. வரை ஏற்றுங்கள். புல்தான் கூரையைத் தாங்கும். பைன், தேவதாரு மரச்சீவல் வேண்டாம். அவற்றின் நெடி மூச்சுக்குழாயைக் கெடுக்கும்.

3. மற்ற சாமான்கள்

தண்ணீர் பாட்டில், மணல் குளியலுக்கு ஒரு பீங்கான் கிண்ணம் (மாவு போன்ற தூசி இல்லாத உலர்ந்த மணல்), இடைவெளி இல்லாத தட்டையான ஓடுசக்கரம். கம்பிச் சக்கரத்தில் வால் சிக்கிவிடும். கனமான சாமான்களைத் துகளின்மேல் வைக்காதீர்கள். அடியில் தோண்டும்போது சரிந்து நசுக்கிவிடும். தரையில் ஊன்றிய மேடையில் வையுங்கள்.

அறை வெப்பம் 18 முதல் 24 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள். ஈரம் கூடினால் ரோமம் எண்ணெய் தடவினதுபோல் பிசுபிசுக்கும். சென்னை மாதிரி கடலோர ஊரில் ஏசி அறை இல்லாமல் வளர்க்க நினைக்காதீர்கள். அது பிராணிக்குச் செய்யும் கொடுமை.

4. ஜோடி

தனியாக வளர்க்கக் கூடாது. ஒரே ஈற்றில் பிறந்த, ஒரே பாலின இரண்டு குட்டிகள் ஆரம்பிக்கிறவர்களுக்குச் சரி. முன்பின் பழகாத பெரிய ஜெர்பில்களைத் திடீரென ஒன்றாக விட்டால் சாகும்வரை சண்டை போடும். நடுவில் வலை வைத்துப் பிரித்து, தினமும் பக்கம் மாற்றி, ஒன்றின் வாசனை மற்றதற்குப் பழகிய பிறகே சேர்க்க வேண்டும்.

5. தீனி

தலைக்கு நாளொன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி: தினை, ஓட்ஸ் போன்ற தானியக் கலவை. சூரியகாந்தி விதை என்றால் அதற்குக் கொள்ளை ஆசை. ஆனால் கொழுப்பு அதிகம், இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம். கிண்ணத்தில் வைக்காமல் துகளில் தூவுங்கள், தேடித் தின்னட்டும். அவ்வப்போது சிறு துண்டு கேரட், வேகவைத்த முட்டை.

6. சுத்தம்

பாலைநிலப் பிராணி போல மிகக் கொஞ்சமாகத்தான் சிறுநீர் கழிக்கும், அதனால் அடிக்கடி காலி செய்ய வேண்டியதில்லை. நனைந்த இடத்தை மட்டும் எடுங்கள். சில வாரத்துக்கு ஒருமுறை மாற்றும்போதும் பழைய துகளில் ஒரு பங்கைத் திரும்பக் கலந்துவிடுங்கள். வாசனை முழுதும் போனால் ஜோடிக்குள்ளேயே அடிதடி வரலாம்.

7. கையில் எடுப்பது

வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது; தோல் உரிந்து கையோடு வந்துவிடும், வால் திரும்ப வளராது. விதையோடு கையைத் தொட்டிக்குள் வைத்துக் காத்திருங்கள். தானாக ஏறியதும் இரண்டு கையையும் குவித்து ஏந்துங்கள். பின்னங்காலால் தரையைத் தடதடவென்று தட்டினால் பயந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு அன்றைக்கு விட்டுவிடுங்கள். சிலவற்றுக்குப் பிறவியிலேயே வலிப்பு உண்டு. வந்தால் தொடாமல், சத்தமில்லாமல் விட்டால் பெரும்பாலும் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.