நீச்சல் கண்ணாடி சீக்கிரம் மங்காமல் இருக்க

நீச்சல் கண்ணாடி பெரும்பாலும் உடைந்து போவதில்லை; மங்கித்தான் போகிறது. லென்ஸின் உள்பக்கம் பனி படியாமல் இருக்க ஒரு மெல்லிய பூச்சு உண்டு. விரல், துண்டு, டிஷ்யூ எது பட்டாலும் அது உரியும். அதனால் உள்பக்கத்தைத் துடைக்கவே வேண்டாம்.

குளத்தை விட்டு ஏறியதும், குளோரின் காய்வதற்குள், குளிர்ந்த நல்ல தண்ணீரில் அரை நிமிடம் அலசுங்கள். வடசென்னையில் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் போர்வெல் தண்ணீர் பல வீடுகளில் உப்பு. அதில் அலசிக் காயவைத்தால் லென்ஸில் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். கடைசி அலசல் மெட்ரோ வாட்டரிலோ (சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீர்) கேன் தண்ணீரிலோ இருக்கட்டும். ஒரு டம்ளர் போதும். கடலில் இறங்கினால் மணல்தான் எதிரி. முதலில் நீரில் ஆட்டி மணலை உதிர்க்காமல் லென்ஸைத் தொட்டால் கீறல் நிச்சயம்.

உதறிவிட்டு நிழலில், காற்றில் காயவிடுங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் சீட்டுக்கடியில் வைப்பது அதைவிட மோசம்: சூட்டில் ரப்பர் விளிம்பு வளைந்து, தண்ணீர் கசியத் தொடங்கும்.

பட்டையைப் பின்னந்தலையில் பிடித்து மாட்டுங்கள். லென்ஸை இழுத்து மாட்டினால் மூக்குப்பாலம் தளரும். பட்டை பிசுபிசுத்தாலோ வெடிப்பு விட்டாலோ அதை மட்டும் மாற்றலாம்.

பூச்சு போன பழைய கண்ணாடியா? ஒரு சொட்டு பேபி ஷாம்பூவை உள்ளே தடவி, நன்றாக அலசிவிட்டுப் போடுங்கள். மிச்சம் இருந்தால் கண் எரியும்.