நெல் மூட்டைகளை அரசு கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025-26 பருவத்துக்கு அரசு கொள்முதல் விலையாகச் சன்ன ரக நெல் குவிண்டாலுக்கு (100 கிலோ) 2545 ரூபாய், பொது ரகம் 2500 ரூபாய் என்று அறிவிப்பு வந்ததுமே பலர் ஏக்கருக்கு எத்தனை மூட்டை, கையில் எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். அந்தத் தொகை அப்படியே கைக்கு வராமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. நிலையத்தில் சாக்கு இல்லை, லாரி வரவில்லை என்பதெல்லாம் நம் கையில் இல்லாதவை, அதற்குக் கேட்டுப் போராடத்தான் வேண்டும். நம் களத்திலும் நம் வீட்டுக் காகிதத்திலும் நடக்கிற தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் விலையையே தப்பாகப் புரிந்துகொள்வது. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை பொது ரகத்துக்கு 2369, சன்ன ரகத்துக்கு 2389. மீதி 131 ரூபாயும் 156 ரூபாயும் தமிழ்நாடு அரசு தரும் ஊக்கத்தொகை. இரண்டும் சேர்ந்து கிடைப்பது அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில்தான். வயலுக்கே வந்து வாங்கும் வியாபாரி இதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, ஆகவே அவரிடம் அரசு விலையைச் சொல்லி வாதாடிப் பயனில்லை. ரகத்தையும் விதைக்கும் போதே பார்த்துக்கொள்ளுங்கள். சி.ஆர். 1009 மாதிரியான குண்டு நெல்லைப் போட்டுவிட்டு சன்ன ரக விலையை எதிர்பார்க்க முடியாது.

அடுத்தது ஈரப்பதம். என்னைக் கேட்டால் அதிகம் பேர் அடிபடுவது இதில்தான். வரம்பு 17 சதவீதம். காலையில் பனி ஈரத்தோடு இயந்திரத்தை இறக்கி அறுத்து, டிப்பரில் கொட்டி, நேராக நிலைய வாசலில் குவித்துவிட்டு வரிசையில் இடம் பிடித்தாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அந்தக் குவியலுக்குள் மறுநாள் கையை முழங்கை வரை விட்டுப் பாருங்கள், உள்ளே சூடு தெரியும். அந்தச் சூட்டோடு ஒரு மழையும் சேர்ந்தால் முளை விட்டுவிடும். முளைத்தது, நிறம் மாறியது, பூச்சி அரித்தது எல்லாம் சேர்ந்து 5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. எங்கள் வீட்டிலும் ஒரு வருஷம் இரண்டு நாள் அவசரத்தால் ஒரு டிராக்டர் நெல் இப்படிப் போனது, அப்பா அதை மறுபடி பரப்பிப் பரப்பிக் காயவைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

வெயில் ஏறியபின் அறுங்கள். மெல்லிசாகப் பரப்பி, அவ்வப்போது காலால் தள்ளிக் கிளறிவிட்டு, சாயங்காலம் கூட்டித் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். நெல்லைப் பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் தேவை. மழை பெய்தால் மத்திய அரசு ஈரப்பத வரம்பில் தளர்வு தரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். தளர்வு கிடைத்த வருஷங்கள் உண்டு, ஆனால் குழு வந்து மாதிரி எடுத்து உத்தரவு வரும் வரை நெல் காத்திருக்காது. கருக்காய், பதர், மண்கட்டி எல்லாவற்றையும் தூற்றி எடுத்துவிட்டே கொண்டுபோங்கள். 40 கிலோ சிப்பம் (மூட்டை) ஒன்று சன்ன ரகத்தில், 2025-26 விலைப்படி, 1018 ரூபாய். இப்படி நாலு சிப்பம் தள்ளுபடியானால் நாலாயிரத்துக்கு மேல் நஷ்டம்.

அப்புறம் காகிதம். தாத்தா பெயரிலேயே இருக்கும் பட்டா, கூட்டுப் பட்டா, ஆதாரில் ஒரு இனிஷியல் வங்கிக் கணக்கில் வேறு இனிஷியல், வருஷக்கணக்கில் பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கு, இவையெல்லாம் அறுவடை அன்று கண்ணில் படுவதுதான் கொடுமை. கதிர் பால் பிடிக்கும் போதே சிட்டா (நில உரிமை விவரம்), அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கு) இரண்டையும் எடுத்து, சர்வே எண்ணும் பயிரும் சரியா என்று பார்த்து, நெல் விற்பனைக்கு ஆன்லைனில் பதிவு செய்துவிடுங்கள். குத்தகைக்குச் செய்பவர்கள் இன்னும் முன்கூட்டியே கிராம நிர்வாக அலுவலரைப் பார்ப்பது நல்லது.

தெரிந்தவர்தானே என்று சிட்டாவையும் ஆதாரையும் வியாபாரியிடம் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அவருடைய நெல் உங்கள் பெயரில் ஏறிவிடும். பிறகு நீங்கள் சொந்த நெல்லோடு போய் நிற்கும் போது, உங்கள் பரப்புக்கான அளவை ஏற்கெனவே விற்றாயிற்று என்று பதிவேடு சொல்லும். வியாபாரி தரும் நூறு இருநூறுக்கு ஆசைப்பட்டு இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்குப் பதில் சொல்லக்கூட வழி இருப்பதில்லை.

நெல் விற்பனையோடு நேரடித் தொடர்பில்லாவிட்டாலும், இதே மாதிரிக் காகிதத் தவறு நடப்பதால் மானியத்திலும் ஒன்று சொல்லியாக வேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. ஆனால் பணி ஆணை வரும் முன்பே குழாயை வாங்கிப் பதித்துவிட்டு, பிறகு பில்லை எடுத்துக்கொண்டு போனால் கிடைக்காது. சிறு, குறு விவசாயி சான்றை முதலில் வாங்குங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பயிர்க் காப்பீட்டில் சம்பா பருவ நெல்லுக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், அதையும் கடைசி நாள் கூட்டத்தில் நின்று சர்வே எண்ணைத் தப்பாக ஏற்றிவிட்டு வருகிறோம். ரசீதை அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். அறுத்துக் காயப்போட்ட நெல் மழையில் நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். அதனால் தண்ணீரை வடிய விடும் முன்பு போனை எடுத்து நான்கு போட்டோ பிடித்துவிடுங்கள்.